நூற்றைம்பது கணினிகளுக்கு ஒரு டொமைன்: முகவரித் தாளிலிருந்து மீட்பு ஒத்திகை வரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. பாதிப் பேரால் கணக்கு மென்பொருளைத் திறக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாக ஓடுகிறது. நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்ப்பது டொமைன்; அதில் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். அதில்தான் கோளாறு என்று நினைத்துச் சர்வர் அறையில் இரண்டு மணி நேரம் பதிவுகளைப் புரட்டினேன். அங்கே ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு பணியாளரின் கணினி முன் உட்கார்ந்து, நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினேன். விடை திரையிலேயே இருந்தது. 10.20.20 என்று தொடங்க வேண்டிய முகவரி 192.168.0.104 என்றிருந்தது. மேசைக்கு அடியில், யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து நெட்வொர்க் பாயிண்டில் செருகிய சிறிய வைஃபை ரவுட்டர் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதிக் கணினிகளுக்கு அதுதான் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து, "டொமைனில் பிரச்சினை" என்று யார் சொன்னாலும் முதலில் மூன்றைத்தான் பார்க்கிறேன்: முகவரி, பெயர், நேரம். டொமைன் கன்ட்ரோலரை நிறுவுவது அரை நாள் வேலை. இந்த மூன்றையும் சரியாக அமைக்காமல் நிறுவினால் அடுத்த ஐந்து ஆண்டுகள் அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் சர்வர் நான்காவது படியாக வருகிறது.

கையில் எடுத்துக்கொள்ளும் நிறுவனம் இப்படிப்பட்டது: சுமார் 150 கணினிகள், ஓர் அலுவலகத் தளம், ஓர் உற்பத்திக் கூடம், சில கிலோமீட்டர் தள்ளி, இணையத்தின் மேல் அமைத்த பாதுகாப்பான தனி இணைப்பான விபிஎன் வழியே இணைந்த ஒரு கிடங்கு. இரண்டு வலுவான சர்வர் இயந்திரங்கள். அவற்றின் மேல் மெய்நிகர் கணினிகளாக, அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகளாக, விண்டோஸ் சர்வர் 2022. 2012 ஆர்2 பதிப்புக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். புதிதாக அமைப்பவர்கள் இவ்விரண்டையும் தொட வேண்டாம்.

படி 1: முகவரித் தாள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குக்கென ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகள் மூன்று: 10 என்று தொடங்குபவை அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றில் 192.168.0, 192.168.1 ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கடையில் விற்கும் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை இவற்றோடுதான் வருகின்றன. மேலாளர் ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன்னில் இணையும்போது, அவருடைய வீட்டு முகவரியும் அலுவலக முகவரியும் ஒன்றாக இருந்தால் அலுவலகச் சர்வரைத் தேடிப் புறப்பட்ட தகவல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் 10.20 தொகுதியை எடுத்து, மூன்றாவது எண்ணைப் பிரிவின் அடையாளமாக வைப்பேன்:

10.20.10 – சர்வர்கள்
10.20.20 – அலுவலகக் கணினிகள்
10.20.30 – உற்பத்திக் கூடம்
10.20.40 – பிரிண்டர், பார்கோடு பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி
10.20.50 – கண்காணிப்புக் கேமரா
10.20.90 – விருந்தினர் வைஃபை
10.21.20 – கிடங்கு

ஒவ்வொன்றும் ஸ்விட்ச்சில் ஒரு தனி விலான், அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க். விலான் எண்ணும் அதே 10, 20, 30. இரவு பதினொரு மணிக்கு ஃபயர்வால் பதிவில் 10.20.50.17 என்று ஒரு வரியைப் பார்த்தால், வேறு எதையும் திறக்காமலேயே அது கேமரா என்று தெரிந்துவிடும். கேமராக்களையும் வருகைப் பதிவுக் கருவிகளையும் தனியே பிரிப்பதில் சமரசம் வேண்டாம். பலமுறை பார்த்திருக்கிறேன்: ஆண்டுக்கணக்கில் மென்பொருள் புதுப்பிப்பைக் காணாமல் இருப்பவை இவைதான்.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரே ஒழுங்கை வையுங்கள். 1 என்பது கேட்வே, அதாவது பிரிவுக்கு வெளியே போகும் வாசல். 2 முதல் 49 வரை கையால் இடும் நிலையான முகவரிகள். 50 முதல் 239 வரை தானாக வழங்கப்படுபவை. அதாவது 190 முகவரிகள். மீதியைத் தொடாமல் வையுங்கள். தாளை ஒரு விரிதாளாக்கி, எந்த முகவரியை யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதாமல் ஒரு முகவரியையும் கொடுக்காதீர்கள்.

படி 2: பெயர்

டொமைனுக்கு வைக்கும் பெயரைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினம். நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயருக்கு முன்னால் "ஏடி" போன்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்து அதையே டொமைன் பெயராக்குங்கள். பழைய பயிற்சி நூல்களைப் பார்த்து "லோக்கல்" என்று முடியும் பெயரை வைக்காதீர்கள். அந்த முடிவு, பிரிண்டர்களும் ஆப்பிள் கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வேறொரு பெயர்முறைக்கு ஒதுக்கப்பட்டது. உங்களுக்குச் சொந்தமில்லாத இணையப் பெயரும் கூடாது. இணையதளத்தின் பெயரையே முழுதாக வைத்தாலும் தொல்லைதான்: அலுவலகத்துக்குள்ளிருந்து நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் திறக்கப் போனால் கணினி டொமைன் கன்ட்ரோலரின் வாசலில் போய் நிற்கும்.

கணினிப் பெயர்களை 15 எழுத்துகளுக்குள் வையுங்கள். விண்டோஸின் பழைய பெயர்முறை அதற்கு மேல் ஏற்காது. ஆட்களின் பெயரைக் கணினிக்கு வைக்க வேண்டாம். ஆள் மாறுவார், கணினி இருக்கும். பிரிவு, தளம், வரிசை எண் போதும்.

படி 3: நேரம்

டொமைனில் ஒருவர் உள்நுழையும்போது அவரை அடையாளம் காண்பது கெர்பரோஸ் என்ற முறை. அது வழங்கும் அனுமதிச்சீட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். கணினியின் கடிகாரமும் டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் சீட்டு செல்லாது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் கதவு திறக்காது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போன பழைய கணினிகள் மின்வெட்டுக்குப் பிறகு இப்படித்தான் வெளியே நிற்கும்.

டொமைனில் உள்ள எல்லாக் கணினிகளும் படிப்படியாக ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலரிடமிருந்துதான் நேரத்தைப் பெறுகின்றன. பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பை வைத்திருப்பது அது. அதை மட்டும் வெளியே நெட்வொர்க் வழியே நேரம் வழங்கும் ஒரு நம்பகமான என்டிபி சர்வரோடு இணைக்க வேண்டும். இந்தியாவில் இது வசதி மட்டுமன்று, கடமையும்கூட. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு பொருத்த வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது.

மெய்நிகர் கணினியாக ஓடும் டொமைன் கன்ட்ரோலரில் கூடுதலாக ஒன்று. அதைத் தாங்கும் இயந்திரம் தன் நேரத்தை உள்ளே திணிக்கும் வசதி, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்களான ஹைப்பர்-வியிலும் விஎம்வேரிலும் உண்டு. அதை அணைத்துவிடுங்கள். தாங்கும் இயந்திரம் டொமைன் கன்ட்ரோலரிடம் நேரம் கேட்க, டொமைன் கன்ட்ரோலர் தாங்கும் இயந்திரத்திடம் கேட்க, இரண்டும் சேர்ந்தே தவறான நேரத்தை நோக்கி நகரும். எவரும் கவனிக்க மாட்டார்கள். மொத்த அலுவலகமும் ஒரே அளவில் தவறாக இருக்கும்.

படி 4: முதல் டொமைன் கன்ட்ரோலர்

சர்வரில் விண்டோஸை நிறுவியவுடன் பெயரை மாற்றுங்கள், 10.20.10.11 என்ற நிலையான முகவரியை இடுங்கள், பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையான டிஎன்எஸ்ஸின் முகவரியாக அதன் சொந்த முகவரியையே கொடுங்கள், எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். டொமைன் கன்ட்ரோலர் ஆன பிறகு பெயரை மாற்றுவது வீண் தலைவலி.

சர்வர் மேனேஜரில், டொமைனின் பயனர், கணினி விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரியான "ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ்" பங்கைச் சேர்த்தால் மேலே மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதைச் சொடுக்கி, இந்தச் சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தும் வழிகாட்டியைத் திறந்து, புதிய ஃபாரஸ்ட், அதாவது டொமைன்களின் புதிய தொகுப்பு, என்பதைத் தேர்ந்து, படி 2-இல் முடிவு செய்த பெயரைக் கொடுங்கள். டிஎன்எஸ் சர்வர், குளோபல் கேட்டலாக் இரண்டும் தேர்வாகியே இருக்கும், அப்படியே விடுங்கள். டிஎன்எஸ் டெலிகேஷனை உருவாக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். புதிய டொமைனில் அது இயல்பு, தாண்டிச் செல்லலாம்.

தாண்டிச் செல்லக் கூடாத இடம் ஒன்று உண்டு. டைரக்டரி மீட்பு நிலைக்கான கடவுச்சொல்லை அங்கே கேட்பார்கள். டைரக்டரியே திறக்காத நாளில் சர்வருக்குள் நுழைய அது ஒன்றே சாவி. அன்றாடம் பயன்படாதது என்பதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நிறுவனத்தின் லாக்கரில் வையுங்கள்.

மறுதொடக்கம் முடிந்ததும் சிஸ்வால், நெட்லாகன் என்ற இரண்டு பகிர்வுகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் இந்தச் சர்வர் இன்னும் டொமைன் கன்ட்ரோலராகச் செயல்படவில்லை என்று பொருள். பிறகு ஆக்டிவ் டைரக்டரி மறுசுழற்சித் தொட்டியை இயக்குங்கள். ஒருமுறை இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது. அணைக்க வேண்டிய தேவையும் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. பணியாளரின் கணக்கைத் தவறுதலாக அழித்துவிட்டால், குழு உறுப்பினர் விவரங்களோடு ஒரு நிமிடத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

படி 5: இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர்

ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலரோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இரண்டாவது இருந்தே ஆக வேண்டும். அது வேறொரு இயந்திரத்தில், முடிந்தால் வேறொரு யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இரண்டு மெய்நிகர் டொமைன் கன்ட்ரோலர்களையும் ஒரே இயந்திரத்தில் வைத்தால், அந்த இயந்திரம் நின்ற நொடியில் இரண்டும் நிற்கும்.

இதற்கு 10.20.10.12 என்று முகவரியிட்டு, டிஎன்எஸ்ஸாக முதல் சர்வரின் முகவரியைக் கொடுத்து, டொமைனில் சேர்த்து, பிறகு உயர்த்துங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதை ரெப்அட்மின் கட்டளையின் சுருக்க அறிக்கையில் பாருங்கள். தோல்வி என்ற நிரலில் பூஜ்யம் மட்டுமே இருக்க வேண்டும். பூஜ்யம் வந்த பிறகு டிஎன்எஸ் அமைப்பைக் குறுக்காக மாற்றுங்கள். முதல் சர்வர் இரண்டாவதை முதலில் கேட்கட்டும், பிறகு தன்னை. இரண்டாவது முதலாவதைக் கேட்கட்டும், பிறகு தன்னை. மின்சாரம் போய் வரும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்று மற்றதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். முதலாவதை இயக்கி ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதை இயக்கும்படி தானியங்கித் தொடக்கத்தில் இடைவெளி வையுங்கள்.

கிடங்குக்கு ஒரு டொமைன் கன்ட்ரோலர் தேவையா? பத்துக் கணினிகளும் நிலையான இணைப்பும் இருந்தால் தேவையில்லை. பூட்டிய அறை இல்லாத இடத்தில் டொமைன் கன்ட்ரோலரை வைப்பது, எல்லோருடைய கடவுச்சொல் தரவையும் தெருவில் வைப்பதற்குச் சமம்.

படி 6: டிஎன்எஸ்

ஒரு கணினி டொமைன் கன்ட்ரோலரைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. "இந்த டொமைனில் உள்நுழைவுச் சேவையை வழங்குவது யார்?" என்று டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, எஸ்ஆர்வி என்ற பதிவுகளைப் பார்த்து டிஎன்எஸ் பதில் சொல்கிறது. அந்தப் பதிவுகள் உங்கள் டொமைன் கன்ட்ரோலர்களின் டிஎன்எஸ்ஸில் மட்டுமே இருக்கின்றன; உலகில் வேறெங்கும் இல்லை.

ஆகவே பணியாளர் கணினிகளில் முதல் டிஎன்எஸ்ஸாக 10.20.10.11, இரண்டாவதாக 10.20.10.12. அவ்வளவுதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்றாவதாக 8.8.8.8 என்று போடுவதை எத்தனையோ அலுவலகங்களில் கண்டு நீக்கியிருக்கிறேன். அது காப்பீடு போலத் தோன்றும். ஆனால் உள் சர்வர் ஒரு கணம் தாமதித்தால் கணினி வெளியே போய்க் கேட்கும்; கூகுளின் சர்வர் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று உண்மையாகவே பதில் சொல்லும். அதைக் கணினி இறுதி விடையாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் பத்து நிமிடம் வேலை செய்யும், பத்து நிமிடம் செய்யாது என்ற வகைப் புகார்கள் வரும். வெளிப் பெயர்களுக்கான டிஎன்எஸ்ஸை டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராக இடுங்கள். கணினிகள் உள்ளே கேட்கட்டும். உள்ளே தெரியாததை டொமைன் கன்ட்ரோலர் வெளியே கேட்டுச் சொல்லட்டும்.

எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் தலைகீழ் மண்டலங்களை ஒவ்வொரு முகவரிப் பிரிவுக்கும் உருவாக்குங்கள். "சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்" கருவியில் எல்லா முகவரிப் பிரிவுகளையும் பதிவு செய்யுங்கள். பழைய பதிவுகளைத் துடைக்கும் ஸ்கேவெஞ்சிங்கை மண்டலத்திலும் சர்வரிலும் என இரண்டு இடங்களிலும் இயக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இயக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம். ஒரு பதிவைப் புதுப்பிக்க விடாத காலம் 7 நாள், அதன் பிறகு புதுப்பிக்கக் காத்திருக்கும் காலம் 7 நாள் என்பதே இயல்பமைப்பு.

படி 7: முகவரி வழங்குதல்

மேசைக் கணினியின் கேபிளைச் செருகிய சில நொடிகளுக்குள் நான்கு செய்திகள் போய்வருகின்றன. கணினிக்கு அப்போது முகவரி இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. அதனால் அந்தப் பிரிவு முழுவதற்கும் உரக்கக் கூவுகிறது: "இங்கே முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?" முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஒரு முகவரியைக் காட்டி "இதை எடுத்துக்கொள்ளலாம்" என்கிறது. கணினி, "சரி, அதையே கொடுங்கள்" என்று மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறது. சர்வர் "கொடுத்தாயிற்று" என்று முத்திரை குத்துகிறது. கணினி வழக்கமாக முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். பதில் சொல்பவரின் அடையாள அட்டையைச் சோதிப்பதில்லை. கணக்குப் பிரிவு மேசைக்கு அடியில் இருந்த ரவுட்டர் ஜெயித்தது அதனால்தான். பத்தடி தூரத்தில் இருந்து அது முந்திக்கொண்டது.

யாருமே பதில் சொல்லாவிட்டால் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் கேபிள், ஸ்விட்ச், விலான், ரிலே (அதைப் பற்றிக் கீழே) என்ற வரிசையில் தேடுங்கள்; கணினியைக் குறை சொல்ல வேண்டாம்.

சேவையை எங்கே நிறுவுவது? என் விருப்பம் இரண்டு தனிச் சர்வர்கள்: 10.20.10.21, 10.20.10.22. டொமைன் கன்ட்ரோலரிலேயே வைக்க வேண்டிய நிலை இருந்தால், டிஎன்எஸ்ஸில் பெயர்களைப் பதிவதற்கென எந்த நிர்வாக உரிமையும் இல்லாத ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கி, டிஹெச்சிபி அமைப்பில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகவரி வழங்கும் சேவை டொமைன் கன்ட்ரோலரின் அதிகாரத்தோடு டிஎன்எஸ் பதிவுகளைத் தொடும்.

நிறுவிய பின் ஆக்டிவ் டைரக்டரியில் சேவைக்கு அங்கீகாரம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஸ்கோப், அதாவது வழங்கப்படும் முகவரிகளின் வரம்பு. அலுவலகப் பிரிவுக்கு 10.20.20.50 முதல் 10.20.20.239 வரை. விருப்ப அமைப்புகளில் மூன்று கட்டாயம்: எண் 3 கேட்வே, எண் 6 டிஎன்எஸ் சர்வர்கள், எண் 15 டொமைன் பெயர். டிஎன்எஸ் முகவரிகள் எல்லா ஸ்கோப்புக்கும் பொது என்பதால் சர்வர் மட்டத்தில் ஒரே முறை இடலாம். கேட்வேயை ஸ்கோப்புக்குள் இடுங்கள்.

லீஸ் காலம், அதாவது கணினி ஒரு முகவரியை வைத்திருக்கும் காலம், விண்டோஸில் இயல்பாக 8 நாள். பாதிக் காலம், அதாவது 4 நாள் கடந்ததும் கணினி தனக்கு முகவரி தந்த சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 87.5 விழுக்காட்டில், அதாவது 7-ஆம் நாள், எந்தச் சர்வராவது நீட்டிக்கட்டும் என்று எல்லோரிடமும் கேட்கும். மேசைக் கணினிகளுக்கு 8 நாள் பொருத்தமே. விருந்தினர் வைஃபைக்கு அது கொடுமை. இன்றைய கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவியின் தனி அடையாள எண்ணை, மறைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. வந்துபோகும் வாங்குநர்களும் ஓட்டுநர்களும் சேர்ந்து ஒரு வாரத்தில் 190 முகவரிகளையும் தீர்த்துவிடுவார்கள். அங்கே 4 மணி நேரம் போதும். விருந்தினர்களுக்கு முகவரியை ஃபயர்வாலே வழங்கட்டும். உங்கள் உள் டிஎன்எஸ் அவர்கள் கண்ணில் படவே வேண்டாம்.

பிரிண்டர்களில் நேராக நிலையான முகவரியை இடுவதைவிட, அவற்றின் மேக் முகவரிக்கு ஸ்கோப்பில் முன்பதிவு செய்வது நல்லது. கேட்வே மாறினால் கையில் ஸ்டூலோடு ஒவ்வொரு பிரிண்டராகப் போக வேண்டியதில்லை. சர்வர்களும் ஸ்விட்ச்சுகளும் மட்டும் கையால் இட்ட முகவரியோடு இருக்கட்டும்.

கணினியின் கூவல் தன் விலானைத் தாண்டிப் போகாது. எனவே விலான்களை இணைக்கும் மைய ஸ்விட்ச்சில் டிஹெச்சிபி ரிலேயை இயக்கி, இரண்டு டிஹெச்சிபி சர்வர்களின் முகவரிகளையும் கொடுங்கள். ரிலே அந்தக் கூவலை எடுத்து, தான் எந்த விலானில் கேட்டது என்பதை அங்குள்ள தன் முகவரியாகவே எழுதி அனுப்பும். 10.20.30.1 என்று எழுதியிருந்தால் சர்வர் உற்பத்திக் கூடத்து ஸ்கோப்பைத் திறக்கும். "எல்லா விலானுக்கும் ஒரே சர்வர் எப்படிச் சரியான முகவரியைத் தருகிறது?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஒரு வரிதான் பதில்.

இரண்டு சர்வர்களுக்கும் இடையே, ஒன்று நின்றால் மற்றது தொடரும் ஃபெயில்ஓவரை அமைப்பது பத்து நிமிட வேலை. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இது உள்ளேயே இருக்கிறது. ஒரே இடத்தில் இருக்கும் சர்வர்களுக்குச் சுமையைப் பாதிப் பாதி பங்கிடும் முறை போதும். ஒரு பொறி மட்டும் உண்டு. யாருக்கு எந்த முகவரி என்ற லீஸ் விவரத்தை இரண்டு சர்வர்களும் தாமாகவே பரிமாறிக்கொள்ளும். நீங்கள் ஒன்றில் சேர்த்த முன்பதிவும் மாற்றிய அமைப்பும் மற்றதற்குத் தானாகப் போகாது; ஸ்கோப்பின் மேல் வலதுபக்கச் சொடுக்கில் உள்ள நகலெடுக்கும் கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மறந்தால் ஒரு பிரிண்டர் ஒரு நாள் ஒரு முகவரியிலும் மறுநாள் இன்னொன்றிலும் எழும்.

இனி அந்த ரவுட்டரின் விஷயம். ஆக்டிவ் டைரக்டரி அங்கீகாரம் அதைத் தடுக்குமா? தடுக்காது. டொமைனில் சேர்ந்த விண்டோஸ் டிஹெச்சிபி சர்வர்கள் மட்டுமே அந்த அங்கீகாரத்தை மதிக்கும். கடையில் வாங்கிய பெட்டிக்கு உங்கள் டொமைன் இருப்பதே தெரியாது. தடுப்பு ஸ்விட்ச்சில் இருக்கிறது: டிஹெச்சிபி ஸ்னூப்பிங். டிஹெச்சிபி சர்வர்களை நோக்கிச் செல்லும் போர்ட்டுகளை மட்டும் நம்பகமானவை என்று குறித்து, மேசைகளுக்குப் போகும் அனைத்தையும் நம்பகமற்றவையாக விடுங்கள். மேசைப் பக்கத்திலிருந்து யாராவது முகவரி வழங்க முயன்றால் ஸ்விட்ச் அந்தச் செய்தியை அங்கேயே கொன்றுவிடும். வேலை நேரத்தில் இயக்காதீர்கள். ஒரு மேல்நிலை இணைப்பை நம்பகமானதாகக் குறிக்க மறந்தால் அந்தத் தளம் முழுவதும் முகவரி இல்லாமல் நின்றுவிடும்.

படி 8: கணினிகளும் ஆட்களும்

டொமைனில் சேரும் கணினிகள் இயல்பாக "கம்ப்யூட்டர்ஸ்" என்ற கொள்கலனில் விழும். கணினிகளுக்கு மொத்தமாக இடும் விதிகளான குரூப் பாலிசியை அதோடு இணைக்க முடியாது. எனவே அலுவலகம், உற்பத்தி, கிடங்கு என ஓயு என்ற உட்பிரிவுகளை உருவாக்கி, புதிய கணினிகள் நேராக ஒரு ஓயுவில் விழும்படி ரெடிர்கம்ப் கட்டளையால் மாற்றுங்கள். சாதாரணப் பயனர் ஒவ்வொருவரும் பத்துக் கணினிகள் வரை டொமைனில் சேர்க்கலாம் என்பது இயல்பமைப்பு. அதைப் பூஜ்யமாக்குங்கள்.

நிர்வாகிக்கு இரண்டு கணக்குகள்: மின்னஞ்சலுக்கும் அன்றாட வேலைக்கும் சாதாரணக் கணக்கு, சர்வர் வேலைக்கு மட்டும் நிர்வாகக் கணக்கு. டொமைன் நிர்வாகி கணக்கோடு ஒரு பணியாளரின் கணினியில் உள்நுழையவே கூடாது. அந்தக் கணினியில் தீய மென்பொருள் இருந்தால், நினைவகத்தில் தங்கிய உங்கள் அடையாளத்தை எடுத்துக்கொண்டு அது நேராக டொமைன் கன்ட்ரோலருக்கு வந்துவிடும். ஒவ்வொரு கணினியின் உள் நிர்வாகி கடவுச்சொல்லும் தனித்தனியாக இருக்க விண்டோஸ் லேப்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். 2023 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து அது விண்டோஸிலேயே இருக்கிறது.

டொமைன் கன்ட்ரோலரில் கோப்புப் பகிர்வு, பிரிண்டர் பகிர்வு, கணக்கு மென்பொருள் எதையும் ஏற்றாதீர்கள். பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி முடக்குங்கள். 2021-இல் பிரிண்ட் நைட்மேர் என்று பேசப்பட்ட ஓட்டை வந்தது அந்தச் சேவை வழியாகத்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஜீரோலாகன், கடவுச்சொல்லே இல்லாமல் டொமைன் கன்ட்ரோலரைக் கைப்பற்ற வழி கொடுத்தது. மாதாந்திரப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

படி 9: திங்கட்கிழமைப் பத்து நிமிடம்

வாரத்துக்கு ஒருமுறை, ஆட்கள் வரும் முன். ரெப்அட்மின் சுருக்கத்தில் தோல்வி இருக்கிறதா, டொமைன் கன்ட்ரோலரின் நலத்தைப் பார்க்கும் டிசிடயாக் சோதனைகள் தேறுகின்றனவா, பிடிசி எமுலேட்டர் எங்கிருந்து நேரம் பெறுகிறது, எந்த ஸ்கோப்பாவது எண்பது விழுக்காட்டைத் தாண்டிவிட்டதா, நேற்றிரவு பேக்கப் முடிந்ததா. ஸ்கோப் திடீரென்று நிரம்பினால், முகவரிகளைக் கூட்டும் முன் லீஸ் பட்டியலைப் படியுங்கள். அலுவலகப் பிரிவில் கைபேசிப் பெயர்கள் தென்பட்டால் யாரோ வைஃபை கடவுச்சொல்லைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

படி 10: பேக்கப், மீட்பு ஒத்திகை

இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் இருப்பது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தது சில நொடிகளில் மற்றதிலும் அழியும். இரண்டு சர்வர்களிலும் தினமும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப், அதாவது டைரக்டரியும் சர்வர் அமைப்புகளும் சேர்ந்த பிரதி, எடுங்கள். ஒரு பிரதியாவது டொமைன் கணக்கால் தொட முடியாத இடத்தில் இருக்கட்டும். மெய்நிகர் கணினியின் ஸ்னாப்ஷாட்டை இதற்கு மாற்றாக நம்பாதீர்கள். ஆறு மாதப் பழைய பேக்கப்பும் உதவாது: அழிக்கப்பட்டவற்றின் தடயத்தை டைரக்டரி இயல்பாக 180 நாட்களே வைத்திருக்கும், அதற்கு முந்தைய பிரதியை மீட்க அது அனுமதிக்காது.

ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். வெளி இணைப்பே இல்லாத ஒரு மெய்நிகர் ஸ்விட்ச்சை உருவாக்கி, அதில் ஒரு புதிய கணினியை எழுப்பி, மீட்பு நிலையில் தொடங்கி, பேக்கப்பிலிருந்து டொமைன் கன்ட்ரோலரை மீட்டெடுங்கள். அந்த ஸ்விட்ச் உண்மையான நெட்வொர்க்கைத் தொடவில்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டு எழுந்த சர்வரில் சிஸ்வால் பகிர்வு வந்ததா, ஒரு சோதனைக் கணினி டொமைனில் உள்நுழைகிறதா என்பதுவரை போக வேண்டும்.

நாங்கள் நடத்திய முதல் ஒத்திகையில் மீட்பு நிலைத் திரை கடவுச்சொல் கேட்டது. லாக்கரிலிருந்து உறையைக் கொண்டுவந்து பிரித்து, அதில் இருந்ததை மூன்று முறை தட்டினோம், ஏற்கவில்லை. சர்வரை அமைத்த பிறகு யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள், உறை மாறவில்லை. அன்று மாலையே ஓடிக்கொண்டிருந்த இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களிலும் என்டிடிஎஸ்யுடில் கருவியால் புதிய கடவுச்சொல்லை இட்டு, புதிய உறையில் தேதியோடு கையெழுத்திட்டு வைத்தோம். அடுத்த ஒத்திகையில் அது முதல் முறையிலேயே திறந்தது.